மூன்றாம் கிளாரினெட்டின் நாற்காலி

கச்சேரிக்கு நான்கு வாரம் இருக்கையில் ஒரு சமூகக் காற்றிசைக் குழு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, முழு நிகழ்ச்சியையும் கேட்க வேண்டியதில்லை. மூன்றாம் கிளாரினெட் வரிசைக்குப் பின்னால் போய் ஐந்து நிமிடம் நின்றால் போதும். முதல் கிளாரினெட்டும் முதல் டிரம்பெட்டும் எப்படியும் தயாராகிவிடும். அவர்களுக்கு மெட்டு இருக்கிறது, தனிப்பகுதி இருக்கிறது, சபை முன் தடுமாறிவிடக் கூடாதே என்ற அச்சம் இருக்கிறது. வீட்டில் வாத்தியத்தை எடுக்க அவ்வளவு காரணம் போதும். மூன்றாம் பார்ட்டை வீட்டில் தனியே வாசித்துப் பாருங்கள், அது இசை என்றே தோன்றாது. நான்கு பார் நீண்ட ஸ்வரம், இரண்டு பார் ஓய்வு, பிறகு யாருடைய மெட்டுக்கோ அடியில் ஓடும் சில ஸ்வரங்கள். அலுவலகம் விட்டு நெரிசலில் வந்து சேர்ந்து, ரீடை நனைக்கக்கூட நேரமில்லாமல் உட்காருகிறவரிடம் நாம் தருவது இந்தத் தாளைத்தான். அதுவும் பாதி அழிந்துபோன ஜெராக்ஸ்.

வாசகர்களில் பலர் இப்போது ஆண்டிறுதி நிகழ்ச்சிக்கான ஒத்திகையில் இருக்கிறீர்கள். மீதமிருக்கும் ஒத்திகை நேரத்தில் பெரும்பங்கை அந்த நாற்காலிகளுக்குக் கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

உலகெங்கும் சமூக பேண்டுகள் அலுக்காமல் எடுத்து வாசிக்கும் ஒரு படைப்பை வைத்துப் பேசுவோம்: கஸ்டவ் ஹோல்ஸ்ட் 1909இல் எழுதிய ஈ ஃபிளாட் முதல் ஸ்வீட். ஹோல்ஸ்ட் டிராம்போன் வாசித்துப் பிழைத்தவர். ஆர்க்கெஸ்ட்ராவின் பின்வரிசையில் உட்கார்ந்து அறுபது பார், எழுபது பார் ஓய்வை எண்ணிக் காத்திருப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். 1907 முதல் லண்டன் மார்லி கல்லூரியில், பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் பாட வருபவர்களுக்கும் வாசிக்க வருபவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். பர்செல்லின் ‘ஃபேரி குவீன்’ பல தலைமுறைகளாக யாரும் வாசிக்காமல் கிடந்தபோது, அந்த மாணவர்களே பார்ட்டுகளைக் கையால் படியெடுத்து, 1911இல் அவருடைய தலைமையில் அதைக் கச்சேரியாக வழங்கினார்கள்.

அப்படிப்பட்டவர் பேண்டுக்கு எழுதும்போது எல்லா வாத்தியமும் வந்து சேரும் என்று நம்பி எழுதவில்லை. அன்றைய பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகளில் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஆகவே பல பார்ட்டுகளை ‘இருந்தால் வாசிக்கலாம்’ என்ற வகையில் வைத்து, இருபது பேரளவில் உள்ள சிறு குழுவும் வாசிக்கும்படி அமைத்தார். 1920 ஜூன் 23 அன்று நெல்லர் ஹாலில் ராணுவ இசைப்பள்ளியார் அதை வாசித்தபோது மேடையில் 165 பேர் இருந்தார்கள். இருபது பேருக்கும் நூற்றறுபத்தைந்து பேருக்கும் ஒரே ஸ்கோர் தாங்குகிறது என்றால், ஒவ்வொரு பார்ட்டுக்கும் அதில் உண்மையான வேலை இருக்கிறது என்று பொருள்.

முதல் பகுதியான சக்கோனை எடுத்துக்கொள்ளுங்கள். டியூபாவும் யூஃபோனியமும் எட்டு பார் மெட்டு ஒன்றைத் தாழ்ந்த குரலில் சொல்கின்றன. ஈ ஃபிளாட், எஃப், சி என்று தொடங்கும் அந்த மெட்டு பிறகு குழு முழுவதும் பயணம் செய்கிறது. ஓரிடத்தில் தலைகீழாகத் திரும்பியும் வருகிறது. இடைப்பகுதியும் மார்ச்சும் அதே விதையிலிருந்து முளைத்தவைதான். அதனால்தான் மூன்று பகுதிகளையும் இடைவெளி விடாமல் வாசிக்கச் சொன்னார். இந்த இசையை ஒத்திகை பார்க்கும் பேண்டு மாஸ்டர்கள் பெரும்பாலும் மெட்டு யாரிடம் இருக்கிறதோ அவர்களையே திருத்திக்கொண்டு போகிறார்கள். மெட்டை எல்லோரும் அறிவார்கள், ஐந்து வயதுக் குழந்தைகூட முணுமுணுத்துவிடும். அந்த எட்டு பார் ஒவ்வொரு முறை வரும்போதும் அதன் நிறம் மாறுவது சுற்றியுள்ள குரல்களால். அங்கே குழப்பம் என்றால், கேட்பவருக்கு ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்தது மட்டும்தான் தெரியும்.

ஒரு ஒத்திகையில் மெட்டு வாசிப்பவர்கள் அத்தனை பேரையும் நிறுத்திவிடுங்கள். இரண்டாம், மூன்றாம் கிளாரினெட், ஹார்ன்கள், ஆல்டோ, டெனார் சாக்ஸ், இரண்டாம், மூன்றாம் டிராம்போன் இவை மட்டும் சக்கோனை முதலிலிருந்து கடைசி வரை வாசிக்கட்டும், மெதுவாக, மென்மையாக. மற்றவர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்கட்டும். முதல் கிளாரினெட்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தாங்கள் இத்தனை நாள் எதன்மேல் நின்று வாசித்தோம் என்பது அப்போதுதான் அவர்கள் காதில் விழும். நாகசுரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் ஆதாரச் சுருதி ஒன்றையே மணிக்கணக்கில் பிடித்திருப்பார். அவர் மூச்சு தளர்ந்தால் முன்னால் நிற்கும் இரண்டு நாகசுரமும் அந்தரத்தில் தொங்கும். சபையில் யாரும் அவரைப் பார்ப்பதில்லை. மூன்றாம் கிளாரினெட்டின் நிலையும் அதுதான். ஒரு வேறுபாடு உண்டு: ஒத்துக்குப் பதில் சுருதிப்பெட்டி வந்துவிட்டது, மூன்றாம் கிளாரினெட்டுக்குப் பதில் எதையும் வைக்க முடியாது.

சுருதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் நடுக்குரல்களின் கடினம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஒரு மேஜர் கார்டில் அடி ஸ்வரமும் பஞ்சமமும் சமபங்குச் சுருதியிலிருந்து அதிகம் விலகுவதில்லை, பஞ்சமத்துக்கு 2 சென்ட்தான் வித்தியாசம். சிக்கல் காந்தாரத்தில். தம்புராவின் மந்தர சட்ஜத் தந்தியிலிருந்து தானாகவே எழும் அந்தர காந்தாரம் 386 சென்ட். பியானோவிலும் கைபேசி டியூனரிலும் இருப்பது 400. பேண்டு இசையில் பல இடங்களில் அந்தக் காந்தாரம் போய்ச் சேர்வது மூன்றாம் கிளாரினெட்டிடமோ இரண்டாம் ஹார்னிடமோதான். அவர் ஸ்டாண்டில் டியூனரை மாட்டிக்கொண்டு பச்சை விளக்கு எரியும்படி கச்சிதமாக வாசிக்கிறார், கார்டு கரகரக்கிறது. பேண்டு மாஸ்டர் “கிளாரினெட், சுருதி!” என்கிறார். அவர் மறுபடியும் டியூனரைப் பார்க்கிறார். பச்சை. இதற்குமேல் அந்த மனிதர் என்னதான் செய்ய முடியும்? சுருதி சேர்த்து முடிந்ததும் டியூனர்களை அணைக்கச் சொல்லுங்கள். கார்டை அடியிலிருந்து கட்டுங்கள்: முதலில் டியூபா, அதன்மேல் பஞ்சமம், அந்த இரண்டும் அசையாமல் நின்ற பிறகு காந்தாரம். காந்தாரம் வாசிப்பவரிடம் “உங்களிடம் இருப்பது மூன்றாம் ஸ்வரம், சற்று இறக்குங்கள்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பார்ட்டில் பென்சிலால் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டுக்கொள்வார். மைனர் கார்டில் நேர்மாறு, 16 சென்ட் ஏற்ற வேண்டும்.

வாத்தியத்தின் சொந்தக் கோணல்கள் வேறு. கிளாரினெட்டில் எழுதப்பட்ட ஜி முதல் பி ஃபிளாட் வரையுள்ள இடைப்பகுதி ஸ்வரங்களில் ஏறக்குறைய எல்லாத் துளைகளும் திறந்திருக்கும். ஒலி மெலிந்து, சுருதி ஏறி நிற்கும். மூன்றாம் பார்ட் அங்கேயே அதிகம் குடியிருக்கிறது. வலக்கை விரல்கள் சிலவற்றால் துளைகளை மூடிக்கொண்டால் ஒலி தடித்துச் சுருதியும் இறங்கும். எந்த விரல்கள் என்பது வாத்தியத்துக்கு வாத்தியம் மாறும், அவரவர் உட்கார்ந்து தேட வேண்டியது. முதல் பார்ட் வாசிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மூன்றாம் வரிசைக்கு அதை ஒருவரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, ஒலி தேய்ந்து அடங்கும் இடங்கள். கிளாரினெட் மென்மையாக வாசிக்கும்போது சுருதி ஏறும், ஃப்ளூட் மென்மையாக வாசிக்கும்போது இறங்கும். இரண்டும் சேர்ந்து தேயும் ஒவ்வோரிடத்திலும் அவை எதிரெதிர்த் திசையில் நகர்கின்றன. அமைதியான முடிவுகள் பல குழுக்களில் புளித்துப்போவதற்குக் காரணம் இதுதான். கிளாரினெட்காரர்கள் தாடையை இறுக்காமல் காற்றின் வேகத்தை மட்டும் தக்கவைக்க வேண்டும். ஃப்ளூட்காரர்கள் உதட்டை முன்தள்ளிக் காற்றைச் சற்று மேலே திருப்ப வேண்டும். முழுக் குழுவையும் உட்காரவைத்து இதைத் திருத்தாதீர்கள். இரு வரிசைகளையும் தனி அறைக்கு அனுப்பினால் இருபது நிமிடத்தில் வேலை முடியும்.

ஒலிச்சமநிலைக்கு வருவோம். பிரான்சிஸ் மெக்பெத் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1972இல் வெளியிட்ட நூலில் இரட்டைப் பிரமிடு முறையை விளக்கினார். ஒவ்வொரு வரிசைக்குள்ளும் மூன்றாம் குரல் இரண்டாவதைவிட ஓங்கி, இரண்டாவது முதலாவதைவிட ஓங்கி ஒலிக்க வேண்டும். மொத்தக் குழுவிலும் அதே வடிவம், அடி அகன்று மேலே குறுகியது. மேல்குரல்கள் எப்படியும் காதில் விழும், அவற்றுக்கு உதவி தேவையில்லை. நாம் நடைமுறையில் வைத்திருப்பது இதைத் தலைகீழாக நிறுத்திய பிரமிடு. திறமைசாலிகள் அத்தனை பேரும் முதல் பார்ட்டில். தயங்கித் தயங்கி ஊதுபவர்கள் மூன்றாவதில். அங்கே ஒலி வரவில்லை என்று பிறகு குறைப்பட்டுக்கொள்கிறோம்.

தயக்கம் என்று நாம் நினைப்பது பல நேரம் தயக்கமே இல்லை, வாத்தியத்தின் ஓட்டை. இரவலாகக் கிடைத்த, வருடக்கணக்கில் பழுதுபார்க்காத கிளாரினெட்டுகள் கடைசி வரிசைக்குத்தான் போகின்றன. பேட் சரியாக மூடாத வாத்தியத்தில் தாழ்ந்த ஸ்வரங்கள் பேசாது. வாசிப்பவர் தன் மூச்சுதான் போதவில்லை என்று எண்ணி இன்னும் இறுக்குவார், இன்னும் கெடும். அடுத்த ஒத்திகைக்கு முன் ஒவ்வொரு கிளாரினெட்டையும் சோதியுங்கள். மேல்பாகத்தைத் தனியே கழற்றி, துளைகளை விரல்களால் மூடி, அடிமுனையை உள்ளங்கையால் அடைத்து, மேல்முனையில் வாய்வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். உள்ளே வெற்றிடம் சில நொடி நின்று, வாயை எடுக்கும்போது ‘டப்’ என்று சத்தம் கேட்டால் நல்ல வாத்தியம். உறிஞ்ச உறிஞ்சக் காற்று வந்துகொண்டே இருந்தால் கசிவு. எந்த பேட் என்று பார்க்க, சிகரெட் தாளின் மெல்லிய துண்டு ஒன்றை பேட்டின் அடியில் வைத்து மூடி மெதுவாக இழுங்கள். எந்தப் பக்கம் பிடிப்பில்லாமல் நழுவுகிறதோ அங்கேதான் கசிவு. பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து வாங்க நான்கு வாரம் போதும், நான்கு நாள் போதாது. ரீடும் அப்படித்தான். ஒரே ரீடை அது செத்துப்போகும்வரை வாசிக்கும் பழக்கத்தை நிறுத்தி, மூன்று நான்கை மாற்றி மாற்றிப் பழக்கிவைக்கச் சொல்லுங்கள். குழுவின் பணத்தில் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தாலும் தகும்.

கடைசி வாரத்தில் வெளியிலிருந்து ஆள் எடுப்பதைப் பற்றி என் கருத்து கடுமையானது. ஆண்டு முழுக்க வந்தவர்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஒரே ஒரு ஒத்திகைக்கு வரும் தொழில்முறைக் கலைஞரை முதல் நாற்காலியில் உட்காரவைப்பதைச் சமூகக் குழுக்கள் விட்டொழிக்க வேண்டும். ஆள் போதவில்லை என்றால் கூப்பிடுங்கள், மூன்றாம் பார்ட்டைக் கொடுங்கள். நல்ல தொழில்முறைக் கலைஞர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார். அருகில் இருப்பவர் அவரைக் கேட்டுக்கொண்டே மூச்செடுக்கக் கற்றுக்கொள்வார். முதல் பார்ட்டை உங்கள் ஆளே வாசிக்கட்டும், ஓரிரு ஸ்வரம் தவறினாலும்.

அரங்கம். ஒத்திகை அறை பெரும்பாலும் மின்விசிறி சுழலும் 30 டிகிரி. கச்சேரி மேடை குளிரூட்டப்பட்ட 22. காற்றில் ஒலியின் வேகம் டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர் மாறுகிறது, சுருதிக் கணக்கில் டிகிரிக்கு ஏறத்தாழ 3 சென்ட். எட்டு டிகிரிக்கு 24. வாசித்துக்கொண்டே இருப்பவரின் மூச்சு வாத்தியத்தைச் சூடாக வைத்துக் கணிசமாக ஈடுசெய்துவிடும். நீண்ட ஓய்வுக்குப் பின் நுழைபவருக்கு அந்தச் சலுகை இல்லை, அவர் பெரும்பாலும் நடுக்குரல்காரர். ஓய்வு பார்களில் ஒலி எழுப்பாமல் வாத்தியத்துக்குள் சூடான மூச்சை ஊதிக்கொண்டிருக்கப் பழக்குங்கள். ஐந்தரை மீட்டர் குழாய் கொண்ட பி ஃபிளாட் டியூபா சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். சக்கோனின் முதல் வாக்கியம் அதனிடம் இருப்பதால், ஹோல்ஸ்டை நிகழ்ச்சியின் முதல் உருப்படியாக வைக்காதீர்கள். முன்னால் ஒரு மார்ச் போகட்டும். அரங்கப் பொறுப்பாளரிடம் பேசி, குளிர்சாதனத்தை இறுதி ஒத்திகையின்போதே கச்சேரி அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். மின்கட்டணத்தைக் காட்டி மறுப்பார்கள், விடாமல் கேளுங்கள்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நிகழ்ச்சியில் ஒரு உருப்படியை எடுத்துவிடுங்கள். இன்னும் பாதிதான் தேறியிருக்கும், எல்லோரும் ஆவலோடு கேட்டு வாங்கிய அந்தத் திரைப்பட மெட்லிதான் முதலில் போக வேண்டியது. ஐம்பது நிமிடம் நன்றாக வாசித்த குழுவைக் குறைவாக வாசித்தார்கள் என்று எந்தச் சபையும் சொன்னதில்லை.

நாற்காலிகளை மாற்ற அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம். இந்த வார ஒத்திகையில், ஹோல்ஸ்டுக்கு மட்டுமாவது, உங்கள் முதல் கிளாரினெட்டை மூன்றாம் வரிசைக்கு அனுப்புங்கள். அங்கிருந்து ஒருவரை அழைத்து இரண்டாம் பார்ட்டைக் கொடுங்கள். இரண்டு பேரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் அறிவிக்காதீர்கள். மூன்றாம் பார்ட்டின் ஜெராக்ஸைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தெளிவான படி ஒன்று எடுத்து, பார் எண்களைப் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.