வாய்க்குள் 526 பற்கள்! வலி இல்லை என்று சும்மா இருக்கலாமா?

தேங்காய்ப்பட்டணம்:

சென்னையில் 7 வயதுச் சிறுவனுக்கு வலது கீழ்த்தாடை வீங்கியிருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். உள்ளே ஒரு பை. பைக்குள் 526 பற்கள்!

கட்டுக்கதை அல்ல. 2019-ம் ஆண்டு சவீதா பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நடந்தது. பையின் எடை சுமார் 200 கிராம். சின்னஞ்சிறு பற்களைப் பிரித்து எண்ணவே மணிக்கணக்கில் ஆனது. 2014-ல் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 17 வயதுப் பையனிடமிருந்து 232 பற்களை எடுத்தார்கள்.

எண்ணிக்கையைக் கேட்டு எல்லோரும் வாய் பிளந்தார்கள். கவனிக்க வேண்டியது வேறு. சென்னைச் சிறுவனின் வீக்கம் 3 வயதிலேயே பெற்றோர் கண்ணில் பட்டது. அப்போது பரிசோதனைக்குக் குழந்தை இடம் கொடுக்கவில்லை. 4 வருஷம் ஓடிவிட்டது!

புற்றுநோய் அல்ல, ஆனால்...

இந்தக் கட்டிக்குப் பெயர் 'ஒடோன்டோமா'. பல் முளைக்கிற திசு தாறுமாறாக வளர்வதுதான் இது. புற்றுநோய் அல்ல. முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப வராது.

இன்னொன்று உண்டு. 'அமெலோபிளாஸ்டோமா'. இதுவும் பொதுவாகப் புற்றுநோய் அல்ல. ஆனால் தாடை எலும்பை அரித்துத் தின்னும். சுரண்டி எடுத்தால் மறுபடி தலைதூக்கும். முற்றிவிட்டால் தாடையையே வெட்டி, கால் எலும்பை வைத்துக் கட்ட வேண்டும்.

இரண்டும் ஆரம்பத்தில் வலிக்காது. வெளியே பார்த்தால் வெறும் வீக்கம்தான். எது என்று எக்ஸ்ரேயும் சதைப் பரிசோதனையும்தான் சொல்லும். அதற்கு முன் கத்தி வைக்கக்கூடாது.

கடற்கரையில் நடப்பது என்ன?

பிள்ளைக்குக் கன்னம் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்று மஞ்சள் பூசுகிறார்கள். இல்லாவிட்டால், "வலியொண்ணும் இல்லியே, அவிய கடல்ல இருந்து வரட்டும்" என்று தாய் காத்திருக்கிறாள். ஆழ்கடலுக்குப் போனவர் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அவள்மேல் குற்றமில்லை. சொல்லித் தர ஆள் இல்லை!

பொன்னுக்கு வீங்கி பத்து நாளில் வடிந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் வீக்கம் நின்றால் தாமதிக்கக் கூடாது. விழுந்த இடத்தில் பல் முளைக்காவிட்டாலும் காட்ட வேண்டும். ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பஸ் ஏறினால் போய்விடலாம்.

அரசு செய்ய வேண்டியது

2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில், பள்ளிப் பிள்ளைகளின் பல் சொத்தையைப் பார்க்கிறார்கள். நல்ல காரியம். சொத்தையோடு நிறுத்தலாமா? தாடையையும் தடவிப் பார்க்கட்டும். பற்களையும் எண்ணிப் பார்க்கட்டும். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. செலவும் கிடையாது.

சிறிசாக இருக்கும்போது சின்ன ஆபரேஷன். வலி வரட்டும் என்று இருந்தால் அதுவரை தாடை எலும்பு தாங்குமா?