அசைவறி கேமராவும் உங்கள் மூட்டும்: திரையில் தெரியும் எண்ணை எவ்வாறு புரிந்துகொள்வது?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, பக்கவாதம், தோள்பட்டை இறுக்கம் போன்றவற்றுக்கான இயன்முறை சிகிச்சையில், மூட்டு எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்பது அவ்வப்போது அளக்கப்படுகிறது. கோணமானி என்னும் எளிய கருவியே இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அண்மைக் காலமாக, உடலைத் தொடாமலேயே அசைவை அளக்கும் கேமராக்களும் கைப்பேசிச் செயலிகளும் வந்துள்ளன. அவை காட்டும் எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதை நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

கேமரா எவ்வாறு அளக்கிறது?

2010ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வீடியோ விளையாட்டுக்காக வெளியிட்ட கினெக்ட் கருவி, மறுவாழ்வு சிகிச்சை ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி, உடலின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை அது கணித்தது. அதிலிருந்து 20 மூட்டுகளின் இடங்களை மென்பொருள் மதிப்பிட்டது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய புள்ளிகளை இணைத்தால் முழங்காலின் மடக்கம் கிடைத்துவிடும். உடலெங்கும் குறிகளை ஒட்டிப் பல கேமராக்களால் அளக்கும் ஆய்வுக்கூட முறையைவிட இது செலவு குறைந்தது.

கினெக்ட்டின் உற்பத்தி 2017இலும், அதன் வழிவந்த அஷ்யூர் கினெக்ட்டின் உற்பத்தி 2023இலும் நிறுத்தப்பட்டன. சாதாரணக் கைப்பேசிப் படத்திலிருந்தே மூட்டுகளின் இடத்தை மதிப்பிடும் மென்பொருள்கள் இப்போது பெருகி வருகின்றன. கருவி மாறினாலும் அடிப்படை ஒன்றே: கேமரா எலும்பைப் பார்ப்பதில்லை. வெளித்தோற்றத்தைக் கொண்டு மூட்டு எங்கிருக்கும் என மதிப்பிடுகிறது.

எதில் நம்பலாம்?

கையைப் பக்கவாட்டில் உயர்த்துதல், முழங்காலை மடக்குதல் போன்ற பெரிய அசைவுகளைக் கேமராவால் ஓரளவு நன்றாக அளக்க முடியும். விரல்கள், கணுக்கால், தோளின் சுழற்சி ஆகியவற்றில் நம்பகத்தன்மை குறைவு.

மற்றொரு குறையும் உண்டு. தோளை உயர்த்த இயலாதவர், உடலைச் சாய்த்துக் கையை மேலே கொண்டுபோகக்கூடும். திரையில் எண் உயரும்; மூட்டு முன்னேறியிருக்காது. இயன்முறை மருத்துவர் இதனைப் பார்த்தவுடன் கண்டறிவார். வலியையும், மூட்டைத் தொட்டு அசைக்கும்போது உணரப்படும் இறுக்கத்தையும் கேமரா அறியாது.

எண் குறைந்தால் அஞ்ச வேண்டுமா?

நேற்று 92 டிகிரி, இன்று 88 டிகிரி எனில், மூட்டு பின்னடைந்துவிட்டது என்று பொருளல்ல. கோணமானியில் அளக்கும்போதே 5 டிகிரி வரையிலான வேறுபாடு அளவீட்டுப் பிழையாக இருக்கலாம். அச்சத்தால் காலை வலிந்து மடக்குவதும், எண் உயர்ந்துவிட்டது எனப் பயிற்சியை நிறுத்துவதும் தவறு. ஒரு நாளின் எண்ணைவிட, சில வாரங்களின் போக்கே முக்கியம். சமதளத்தில் நடக்க முழங்கால் ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி வரையும், நாற்காலியிலிருந்து எளிதாக எழ 90 டிகிரி அல்லது அதற்கு மேலும் மடங்க வேண்டும். எனவே, எண்ணுடன் உங்கள் அன்றாடச் செயல்களில் ஏற்படும் முன்னேற்றத்தையும் குறித்து வையுங்கள்.

வீட்டில் அளக்கும்போது

• ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே தொலைவு, அதே நேரம் ஆகியவற்றைப் பின்பற்றுங்கள்.
• சேலை, வேட்டி போன்ற தளர்வான உடை மூட்டை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் போதுமானதாக இருக்கட்டும்.
• பராமரிப்பாளர், விழாமல் தாங்கும் தொலைவில் நிற்க வேண்டும். ஆனால் கேமராவை மறைக்கக் கூடாது.
• காணொளி உங்கள் கைப்பேசியிலேயே இருக்குமா, வேறெங்கும் அனுப்பப்படுமா என்பதை முன்னரே கேட்டறியுங்கள்.
• பயிற்சியின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பதிவுகளை அடுத்த சந்திப்பில் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடனடியாக மருத்துவரை அணுக வேண்டிய நிலைகள்

கெண்டைக்காலில் வலியுடன் கூடிய வீக்கம், மூச்சுத்திணறல், காய்ச்சல், அறுவைக் காயத்தில் சிவப்பு அல்லது சீழ், மூட்டைத் திடீரென அசைக்க இயலாமை ஆகியவற்றுள் எது தோன்றினாலும், திரையில் எந்த எண் இருந்தாலும், தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.