ஃப்ரிட்ஜ் ஆடம்பரமா? 501-வது யூனிட்டுக்கு 243 ரூபாய் என்ன நியாயம்?

குன்றத்தூர் மக்களே!

ஒரு ஃப்ரிட்ஜ் ஓட ரெண்டு மாசத்துக்கு எவ்வளவு கரண்ட் பில் ஆகும்? "அது ஃப்ரிட்ஜைப் பொறுத்தது" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தப்பு. அது நீங்கள் எந்த ஸ்லாபில் மாட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கணக்கைப் பாருங்கள். கொஞ்சம் பழைய ஃப்ரிட்ஜ், நம்ம ஊர் வெயில், பிள்ளைகள் பத்து தடவை கதவைத் திறக்கும் வீடு. ஒரு நாளைக்கு 1 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு மாசத்துக்கு 60 யூனிட். 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த கட்டணப்படி, அந்த 60 யூனிட்டின் விலை இதுதான்:

▪️ மொத்த பயன்பாடு 140-லிருந்து 200 ஆகும் வீட்டில் - 141 ரூபாய்
▪️ 340-லிருந்து 400 ஆகும் வீட்டில் - 282 ரூபாய்
▪️ 440-லிருந்து 500 ஆகும் வீட்டில் - 378 ரூபாய்
▪️ 450-லிருந்து 510 ஆகும் வீட்டில் - 634 ரூபாய்!

அதே ஃப்ரிட்ஜ், அதே தெரு, அதே 60 யூனிட். மூணாவது வீட்டுக்கும் நாலாவது வீட்டுக்கும் வித்தியாசம் வெறும் 10 யூனிட். ஆனால் ஃப்ரிட்ஜுக்கு 256 ரூபாய் கூடுதல்.

ஏன் இப்படி? 500 யூனிட் வரை 101 முதல் 200 வரைக்கு 2.35 ரூபாய்தான். 500-ஐ ஒரு யூனிட் தாண்டினால் அந்தச் சலுகை பறிபோகும். 101-லிருந்தே 4.70 போட்டு விடுவார்கள். 500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்!

அதிகம் பயன்படுத்துபவர் அதிகம் கட்டட்டும், அதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் தாண்டின யூனிட்டுக்குத் தானே கூடுதல் விலை போடணும்? தாண்டாத யூனிட்டுக்கும் சேர்த்து அபராதம் போடுவது என்ன கணக்கு?

இந்தப் பள்ளத்தை ஒரே ஆட்சி மட்டும் வெட்டவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2022 செப்டம்பருக்கு முன்பு 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,786 ரூபாய். அப்போது ஆண்டவர்கள் வெட்டினார்கள். அடுத்து வந்தவர்கள் பள்ளத்தைக் கொஞ்சம் தூர்த்துவிட்டு, ரோட்டையே உயர்த்தி விட்டார்கள். 500 யூனிட் வீட்டுக்கு 1,130 என்பது 2024 ஜூலையில் 1,805 ஆனது.

"ஃப்ரிட்ஜை ராத்திரி ஆஃப் பண்ணுங்க" என்று அறிவுரை சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி ஏறின சூட்டை இறக்க காலையில் கம்ப்ரஸர் விடாமல் ஓடும். மிச்சமாவது சொற்பம், கெட்டுப்போகிற பால் அதைவிடக் காசு. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை கம்பெனிகளில் ஷிப்ட் முடித்து வருபவர்கள் வீட்டில் மாவு புளிக்காமல் இருக்க ஃப்ரிட்ஜ் வேண்டும். சர்க்கரை நோயாளியின் இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். டிவியை அணைக்கலாம், ஏசியை அணைக்கலாம். 24 மணி நேரமும் ஓடியே ஆக வேண்டியது ஃப்ரிட்ஜ் ஒன்றுதான்!

ரீடிங் எடுக்க நாள் தள்ளினால் என்ன ஆகும்? தினம் 8.2 யூனிட் ஓடும் வீடு. 60-வது நாளில் எடுத்தால் 492 யூனிட், பில் 1,754 ரூபாய் 60 காசு. 65-வது நாளில் எடுத்தால் 533 யூனிட், பில் 2,317 ரூபாய் 20 காசு. "அடுத்த தடவை குறைஞ்சிடும் சார்" என்பார்கள். சரி, அடுத்தது 55 நாளிலேயே எடுத்தாலும், ரெண்டு பில்லையும் கூட்டினால் 304 ரூபாய் நஷ்டம். ஒரு யூனிட்கூட நாம் அதிகமாக எரிக்கவில்லை. தாமதம் அவர்களுடையது, தண்டம் நம்முடையது!

வாடகைக்கு இருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் கேட்கும் வீட்டில் அதே ஃப்ரிட்ஜுக்கு 600 ரூபாய். 2016-ல் வந்த 100 யூனிட் இலவசம் அவர்கள் கண்ணிலேயே படுவதில்லை.

"மின்வாரியத்துக்குக் கடன் இருக்கிறது" என்றது அரசு. இருக்கிறது, ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல் என்று 2022-ல் அவர்களே சொன்னார்கள். 2023, 2025 உயர்வுகளை வீடுகளுக்கு அரசே ஏற்றது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கடனை குன்றத்தூர் வீட்டு ஃப்ரிட்ஜா வாங்கியது?

2021 தேர்தல் அறிக்கையில் திமுக கொடுத்த வாக்கு மாதந்தோறும் மின் கணக்கீடு. பிறகு கேட்டபோது "ஸ்மார்ட் மீட்டர் வரட்டும்" என்பதே பதிலாக இருந்தது. மக்களே, இதிலும் உஷாராக இருங்கள். மாதக் கணக்கு வந்து, ஸ்லாபையும் பாதியாக வெட்டினால் நமக்கு லாபம் இல்லை, நஷ்டம். ஏப்ரலில் 300, மே-யில் 200 யூனிட் ஓடும் வீட்டுக்கு 2024 ஜூலை கட்டணப்படி 1,805 ரூபாய். ஸ்லாபைப் பாதியாக்கினால் ரெண்டு மாசத்துக்கும் சேர்த்து 2,027 ரூபாய்! வாக்குறுதியை நிறைவேற்றினோம் என்று போஸ்டர் ஒட்டுவார்கள், பில் நம் கையில் இருக்கும்.

எனவே நாம் கேட்பது:

✅ 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை. 101-200 சலுகையில் கை வைக்காதே!
✅ ரீடிங் 60 நாளைத் தாண்டினால், தாண்டிய நாளுக்கு ஏற்ப ஸ்லாபையும் உயர்த்து!
✅ மாதக் கணக்கீடு கொண்டு வா, ஸ்லாபை வெட்டாமல் கொண்டு வா!
✅ வாடகை வீட்டுக்காரர்களுக்கும் 100 யூனிட் இலவசம் போய்ச் சேர வழி செய்!

இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. முதல் ரெண்டும் பில் போடும் கணக்கை மாற்றினாலே முடிகிற வேலை.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. ரீடிங் எடுத்த தேதியையும் எண்ணையும் காலண்டரில் குறித்து வையுங்கள். 50-வது நாள் மீட்டரை நீங்களே பாருங்கள். 60 நாள் தாண்டியும் ஆள் வரவில்லையா? பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். 500-ஐத் தாண்டி சில யூனிட்டில் மாட்டிய பில் உங்களிடம் இருந்தால், எண்ணையும் பெயரையும் மறைத்து கமெண்டில் போடுங்கள்.

தெருவுக்கு நாலு பில் சேர்ந்தால் போதும். பதில் சொல்லாமல் யாரும் தப்ப முடியாது!

#501வதுயூனிட் #குன்றத்தூர் #மின்கட்டணம்