சுற்றும் கத்தியும் தொழிலாளியின் காலும்

சுரண்டியும் கத்தியும் கொண்டு செய்த புல்வெட்டு வேலைக்கு இன்று பல தோட்டங்களில் பெற்றோல் மெசின் வந்துவிட்டது. 2015 இல் கிளைபோசேட் களைநாசினி தடை செய்யப்பட்டபோது மலைகளில் புல் மண்டியது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. 2021 இல் விவசாய இரசாயனங்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது மறுபடியும் அதே நிலை. இடையில் தோளில் மாட்டும் புல்வெட்டு மெசின் நமது இளைஞர்களின் அன்றாட ஆயுதமாகிவிட்டது. பங்களா முற்றத்தில் தள்ளிச் செல்லும் மெசினும் இதே இனம்தான்.

மெசின் வேலையைச் சுலபமாக்குகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன் வேகத்தை எல்லோரும் அறிய வேண்டும். 25 சென்ரிமீற்றர் அகலமுள்ள கத்தி நிமிடத்துக்கு 8,000 தடவை சுற்றினால், அதன் ஓரம் ஒரு வினாடியில் 100 மீற்றருக்கு மேல் ஓடுகிறது. அதில் பட்ட சிறு கல்லும் துப்பாக்கி ரவையைப் போலப் பாயும். கல்லிலோ தேயிலைத் தூரிலோ கத்தி முட்டினால் மெசினே பக்கவாட்டில் துள்ளும். சரிவான மலையில், மழை ஈரத்தில், கான் ஓரத்தில் நிற்பவருக்கு அந்த ஒரு துள்ளலே போதும்.

ஆகவே சில விடயங்களை நமது அங்கத்தவர்கள் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். காலையில் எஞ்சினை இயக்குவதற்கு முன் கத்தியைப் பாருங்கள். வெடிப்பு, வளைவு, உடைந்த பல் இருந்தால் அந்தக் கத்தியை ஒதுக்கிவிடுங்கள். வெல்டிங் வைத்தோ தட்டி நிமிர்த்தியோ மீண்டும் போடக் கூடாது. கத்தியைத் தொடுவதற்கு முன் எஞ்சினை நிறுத்தி, கத்தி முழுதாக நின்ற பின், பிளக் வயரைக் கழற்றுங்கள். கத்தியில் சிக்கிய புல்லை எடுப்பதானாலும் இதுவே முறை. தோளில் மாட்டும் மெசின்களில் பெரும்பாலானவற்றின் கத்தி நட் வழக்கத்துக்கு எதிர்த் திசையில் கழலும். தெரியாமல் பலம் போட்டு இழுத்துக் கை கிழிய வேண்டாம்.

கத்திக்கு மேலுள்ள தகட்டைப் புல் அடைக்கிறதென்று கழற்றிவிடும் பழக்கம் ஆபத்தானது. அது வெட்டுபவரின் காலுக்கு வேலி. எயார் ஃபில்டரைத் தினமும் துப்புரவாக்குங்கள். கத்தித் தலையிலுள்ள கியருக்கு நேரத்துக்கு கிரீஸ் போடுங்கள். பெற்றோலில் ஓயிலைக் கம்பெனிப் புத்தகம் சொல்லும் அளவில் கலந்து, எஞ்சின் ஆறிய பிறகு மட்டும் ஊற்றுங்கள்.

மெசின் ஓடும் இடத்திலிருந்து 15 மீற்றருக்குள் வேறு எவரும் நிற்கக் கூடாது. கொழுந்தெடுக்கும் பெண்களை அதே நிறையில் விட்டுக்கொண்டு புல் வெட்டச் சொல்வது குற்றத்துக்குச் சமம். இரைச்சலில் கூப்பிட்டாலும் கேட்காது. அவர் கண்ணுக்குத் தெரியும்படி முன்பக்கமாக வந்து கை காட்டுங்கள். அந்த இரைச்சலும் அதிர்வும் குளவியையும் கிளப்பும். எனவே மலைக்குள் இறங்குமுன் குளவிக்கூடு உண்டா என்று பார்ப்பது கங்காணியின் பொறுப்பு.

இவ்வளவையும் தொழிலாளியின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. கண்ணாடி, முகக் கவசம், காதுக் கவசம், பூட்ஸ், கால் பாதுகாப்பு, தோள் பட்டி எல்லாவற்றையும் நிர்வாகமே கொடுக்க வேண்டும். பழக்கம் இல்லாதவரிடம் மெசினைக் கொடுத்து, ‘பார்த்துச் செய்’ என்று அனுப்புவது பயிற்சி ஆகாது. கத்தி தீட்டும் நேரமும் மெசினைப் பார்க்கும் நேரமும் வேலை நேரமே. ஆளுக்கு இத்தனை பரப்பு என்று அளந்து, முடியாவிட்டால் அரைப்பேர் என்று மிரட்டும்போதுதான் கத்தியைப் பார்க்காமல் இயக்குகிறார்கள், தகட்டையும் கழற்றுகிறார்கள். விபத்தின் வேர் அங்கே இருக்கிறது. நீண்ட நேர அதிர்வு விரல்களை மரக்கச் செய்யும். குளிர் மலைகளில் இது இன்னும் கூடும். ஆகையால் ஒருவரே நாள் முழுவதும் மெசின் பிடிக்காமல் ஆள் மாற்றி வேலை கொடுக்க வேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் சுழலும் இயந்திரங்களுக்கு வேலி போட வேண்டுமென்று 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கூறுகிறது. அதே தோட்டத்தின் மலையில் சுழலும் கத்திக்கும் அதே அக்கறை வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

விபத்து நடந்துவிட்டால் காயம் சிறியதென்று லயத்துக்குப் போய்விடாதீர்கள். உடனே தோட்டக் காரியாலயத்தில் பதிய வையுங்கள். வைத்தியசாலைத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். தோட்டத் தலைவருக்கு அறிவியுங்கள். வேலை செய்கையில் ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. கொந்தரப்புக்கு வெட்டியவர் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாலும் விட்டுவிடாமல் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள்.

தோட்டத் தலைவர்களே! உங்கள் தோட்டத்தில் எத்தனை மெசின்கள் ஓடுகின்றன, எத்தனைக்குத் தகடு இருக்கிறது, எத்தனை பேருக்குக் கண்ணாடி கிடைத்திருக்கிறது என்று எண்ணி எழுதி அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே நாம் நிர்வாகத்துடன் பேசுவோம்.