நாலு மூலையிலும் மஞ்சள்

'மார்க்கெட்டிங்' என்ற சொல்லை இருபது வருடங்களாகச் 'சந்தைப்படுத்துதல்' என்று மொழிபெயர்த்து வருகிறேன். எதையும் சந்தைப்படுத்திப் பார்த்ததில்லை. 2018 தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு அந்த வாய்ப்பும் வந்தது.

புனேயில் நான் குடியிருக்கும் தாபோடியில், கோவில்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் வத்தல், வடகம், சாம்பார்ப் பொடி செய்து விற்கிறார். கணவர் இல்லை. தாபோடி, போபோடி, கட்கி என்று சுற்றுவட்டாரத்தில் உள்ள தமிழ்க் குடும்பங்கள்தான் வாடிக்கை. அந்த வருடம் வியாபாரம் படுத்துவிட்டது. பாதிப் பேர் பாக்கெட் பொடிக்கு மாறிவிட்டார்கள். மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரம் குட்மார்னிங் ரோஜாக்களுக்கு நடுவே காணாமல் போயிற்று. "தம்பி, நீங்க தமிழ்ல எம்.ஏ. படிச்சவுக. கார்டுல போடுற மாதிரி நாலு வரி எழுதிக் குடுங்க" என்றார்.

எட்டு வரி எழுதினேன். 'பாரம்பரியச் சுவை, பக்குவமான கைமணம்' என்று தொடக்கம். ஐம்பது காசுக் கார்டு இருநூறு வாங்கி, ஓர் அச்சகத்தில் கொடுத்து அடித்து, தபால் பெட்டியில் போட்டோம். நூறு ரூபாய்த் தபால் செலவில் இருநூறு வீடு! எனக்கே என்மீது மதிப்புக் கூடியது.

நாலாம் நாள் வாடிக்கையாளர் ஒருவர் வாசலில் நின்று கத்தினார். தபால்காரர் அவரிடம் பதினொரு ரூபாய் கேட்டு வாங்கியிருக்கிறார். விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஐம்பது காசு, கையால் எழுதும் கார்டுக்கு. சேதியை அச்சடித்தால் அது 'அச்சிட்ட கார்டு'. கட்டணம் ஆறு ரூபாய். குறைவது ஐந்தரை ரூபாய். குறைந்ததைப் போல் இரண்டு மடங்கு பெறுபவர் தலையில். சிலர் கட்டிவிட்டுத் திட்டினார்கள். சிலர் கார்டே வேண்டாமென்று திருப்பிவிட்டார்கள். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

தபால் இலாகாவைக் குறை சொல்ல முடியாது. 1879 ஜூலை 1 அன்று கால் அணாவுக்கு வந்த நாள் முதல் கார்டு ஏழையின் கடிதம். நஷ்டத்தில் ஓடும் அந்த வண்டியில் வியாபாரியும் ஓசியில் ஏறிக்கொள்ளப் பார்த்தால் இலாகா விடுமா? தூர்தர்ஷனில் 1990களில் வந்த 'சுரபி' நிகழ்ச்சியின் கேள்விகளுக்குக் கார்டுகள் லட்சக்கணக்கில் குவிந்தபோது, போட்டிகளுக்கென்றே அதிக விலையில் தனிக் கார்டு கொண்டுவந்தார்கள்.

2002இல் வந்த 'மேகதூத்' கார்டு இன்னும் சாமர்த்தியம். முகவரிப் பக்கத்திலேயே விளம்பரம். விளம்பரதாரர் கார்டுக்கு இரண்டு ரூபாய் கொடுத்துவிடுவார். ஜனங்களுக்கு அது இருபத்தைந்து காசுக்கு, பாதி விலையில், கிடைக்கும். அண்ணன் தங்கைக்கு எழுதும் கார்டில் சொட்டு மருந்து விளம்பரமும் கூடவே போகும். அண்ணன் கையெழுத்தைப் படிக்கிறவள் அதையும் பார்க்காமல் இருப்பாளா? காளிதாசனின் மேகம் காதலியிடம்தான் தூது போயிற்று; இது கூடவே சரக்கும் ஏற்றிக்கொண்டு போயிற்று. ஆனால் குறைந்தது ஒரு லட்சம் கார்டுக்குப் பணம் கட்ட வேண்டும். வத்தல் வியாபாரத்துக்கு எட்டாத உயரம்.

எங்கள் லோனாவாலா லோக்கல் போகும் பாதையில் மளவலி என்று ஒரு ஸ்டேஷன். 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகம் பிறகு அங்கேதான் குடியேறியது. 1972இல் தீயில் அழிந்தது. அதன் லட்சுமியும் சரஸ்வதியும் படமாக மட்டுமல்ல, சோப்புக் கம்பெனிக் காலண்டராகவும் லேபிளாகவும் படக் கார்டாகவும் ஊர் ஊராகப் போனார்கள். விளம்பரம் என்று தெரிந்தும் யாரும் கிழித்துப் போடவில்லை. சுவரில் மாட்டிப் பூ வைத்தார்கள். என் எட்டு வரியை யார் மாட்டுவார்கள்?

"நானே எழுதுதேன் தம்பி" என்று ஒரு வாரம் கழித்து அந்த அம்மா சொன்னார். பதினொரு ரூபாய் கேட்கப்பட்ட வீடுகளாகப் பார்த்து அறுபது கார்டு. தினம் இரவு ஐந்தாறு. ஒருவருக்கு எழுதியது இது: 'உங்க மாமியாருக்குப் பிடிச்ச மிதுக்கு வத்தல் இந்தத் தடவை நல்லா வந்திருக்கு. கால் கிலோ எடுத்து வச்சிருக்கேன். போன கார்டுக்குக் காசு கேட்டாகளாம், தப்பு எங்களுது.' இன்னொருவருக்கு, மகளின் பிரசவத்தை விசாரித்துவிட்டுக் கடைசி வரியில் அங்காயப் பொடி. எழுத்துப்பிழை இருந்தது, நான் தொடவில்லை.

எழுதி முடித்ததும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார். கடையில் வாங்கியதல்ல, சாம்பார்ப் பொடிக்கென்று அவரே அரைத்தது. மஞ்சள் மூலை என்றால் நல்ல சேதி, கறுப்பு என்றால் சாவு. எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி தபால்காரர் கையில் பார்த்தே சொல்லிவிடுவாள். மராத்தி வீடுகளிலும் அழைப்பிதழுக்கு மஞ்சள், குங்குமம் வைப்பதால் கட்கியில் ஒரு மராத்திக்கார அம்மாள், தமிழ் தெரியாவிட்டாலும், கார்டை எடுத்துக்கொண்டு என்ன விசேஷம் என்று கேட்டே வந்துவிட்டார். பொடியின் வாசனை கார்டிலேயே இருந்ததாம்.

தீபாவளிக்குள் வடகம் தீர்ந்தது. எல்லோரும் வரவில்லை, வந்தவர்கள் போதுமானதாக இருந்தார்கள்.

அன்று வாசலில் கத்தியவரும் வந்தார். அச்சடித்த கார்டு, மஞ்சள் கார்டு இரண்டையும் மேசையில் வைத்து, அரைக் கிலோ மோர்மிளகாய் கேட்டு, பில்லில் பதினொரு ரூபாய் கழிக்கச் சொன்னார். அம்மா கழித்தார். பிறகு நோட்டைத் திறந்து அந்தப் பதினொரு ரூபாயை என் கணக்கில் எழுதிக்கொண்டார்.