பாட்டரி மீது பழி போடலாமா?

பழைய காரில் ஒளிந்திருக்கும் மின்சாரத் திருடன்

ஞாயிற்றுக்கிழமை மாலை குடும்பத்தோடு கோவிலுக்குப் போய் வந்த கார். வழியில் ஒரு குறையும் இல்லை. வாசலில் நிறுத்திப் பூட்டினார்கள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வண்டியை எடுக்கவில்லை. புதன்கிழமை காலையில் பள்ளிக்கூட பஸ் தவறிவிட்டது. "ஏறுங்கள், காரில் விட்டுவிடுகிறேன்" என்று சொல்லி அப்பா சாவியைத் திருப்பினார். "டிக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வண்டி கிளம்பவில்லை.

அக்கம்பக்கத்தார் நாலு பேர் வந்து தள்ளினார்கள். தெருக்கோடிக்குப் போன பிறகுதான் என்ஜின் இருமிக்கொண்டு கிளம்பியது. பிள்ளைகளுக்கு முதல் பாடம் போய்விட்டது.

மெக்கானிக் வந்தார். பானெட்டைத் திறந்தார். "பாட்டரி போயிடுச்சு சார். புதுசு போட்டுடுங்க" என்றார். பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட எடுத்து வைத்திருந்த பணத்தில் சில ஆயிரம் ரூபாய் கரைந்தது. புதுப் பாட்டரி வந்தது.

ஒரு வாரம் தினமும் வண்டி ஓடியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு மூன்று நாள் வெளியூர்ப் பயணம். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால், மறுபடியும் "டிக்!"

இப்போது யாரைக் குற்றம் சொல்வது? புதுப் பாட்டரியையுமா?

பழைய கார் வைத்திருக்கும் பல வீடுகளில் நடக்கிற கதை இது. குற்றவாளி பாட்டரி அல்ல. அதன் சக்தியை உறிஞ்சுகிற ஏதோ ஒன்று வண்டிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதைப் பிடிக்காமல் பாட்டரியை மாற்றுவது, திருடனை வீட்டில் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்குவது போன்றது.

தொட்டியும் குழாயும்

மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. ராத்திரி நிரப்பி வைத்தார்கள். காலையில் பார்த்தால் காலி. உடனே தொட்டியை மாற்றுவார்களா? மாட்டார்கள். எந்தக் குழாய் ஒழுகுகிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

கார் பாட்டரியும் ஒரு தொட்டிதான். பிரான்சு நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளான்டே 1859-ம் ஆண்டில் ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் வைத்து, திரும்பத் திரும்ப மின்சாரம் ஏற்றக்கூடிய பாட்டரியைச் செய்தார். இன்றைக்கும் பெரும்பாலான கார்களில் இருப்பது அதே வகைதான்.

சின்ன காரின் பாட்டரியில் "35 ஆம்பியர்-மணி" என்று எழுதியிருக்கும். இது தொட்டியின் கொள்ளளவு. 1 ஆம்பியர் வீதம் எடுத்தால் 35 மணி நேரம் வரும் என்று பொருள்.

இனி கணக்கைப் பார்க்கலாம். டிக்கிக்குள் இருக்கும் சின்ன பல்பு 5 வாட். அது சுமார் 0.4 ஆம்பியர் எடுக்கும். டிக்கியை மூடிய பிறகும் அந்த விளக்கு அணையாவிட்டால் என்ன ஆகும்? ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணி போய்விடும். ஞாயிறு மாலை முதல் புதன் காலை வரை 60 மணி நேரம். அதற்குள் 25 ஆம்பியர்-மணி காலி! மிச்சம் இருப்பது 10 தான். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்ற, சின்ன காருக்கே நூறு ஆம்பியர் அளவுக்கு ஒரே மூச்சில் வேண்டும். பாட்டரி எங்கே போகும்?

தினமும் ஓடுகிற வண்டியில் இந்தத் திருட்டு தெரியாது. ராத்திரி போனதைப் பகலில் ஓட்டம் நிரப்பிவிடும். இரண்டு மூன்று நாள் நிறுத்தினால்தான் குட்டு வெளிப்படும்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. காலியான பாட்டரி அப்படியே கிடந்தால், உள்ளே இருக்கும் தகடுகளில் உப்புப் போன்ற ஒரு படிவம் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய சக்தி வராது. ஆகவே, திருடனை விட்டுவைத்தால் புதுப் பாட்டரியும் சீக்கிரமே கெடும்.

அன்றும் இன்றும்

1912-ம் ஆண்டில் அமெரிக்காவின் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதற்கு முன்பு இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் காரைக் கிளப்பினார்கள். கைப்பிடி போனது. பாட்டரி இல்லாவிட்டால் வண்டி இல்லை என்ற நிலை வந்தது.

பழைய அம்பாசிடர் போன்ற வண்டிகளில் சாவியை எடுத்துவிட்டால் பாட்டரிக்கு அநேகமாக வேலையே இல்லை. இன்று அப்படி இல்லை. கடியாரம், ரேடியோவின் ஞாபகம், திருட்டுத் தடுப்பு மணி, என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் எல்லாம் தூக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். பொதுவாக 50 மில்லி ஆம்பியர் வரை இருந்தால் கவலை இல்லை. ஆயிரம் மில்லி ஆம்பியர் ஒரு ஆம்பியர்.

அந்த 50 மில்லி ஆம்பியர்கூட ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி ஆகிறது. 30 நாளில் 36! நல்ல வண்டியே ஆனாலும், ஒரு மாதம் சும்மா நின்றால் பாட்டரி இறங்கிவிடும் என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது.

மாருதி 800 கார் 1983-ம் ஆண்டில் வந்தது. அதன் உற்பத்தியும் அம்பாசிடர் உற்பத்தியும் 2014-ம் ஆண்டில் நின்றன. அவற்றில் பல வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. வாங்கும்போது இல்லாத எத்தனையோ சாமான்கள் பிறகு அவற்றில் ஏறின. புது ரேடியோ, பெரிய ஒலிபெருக்கி, கூடுதல் விளக்கு, இரட்டை ஹாரன். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயர். சாவிக்குக் கட்டுப்படாமல் பாட்டரியிலிருந்து நேராக இழுத்த ஒயராக இருந்தால், அங்கேயே திருட்டுக்கு வழி பிறந்துவிடுகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை

பாட்டரி கெட்டதா, வண்டி உறிஞ்சுகிறதா? இதைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு.

பாட்டரியின் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் முதலில் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு பாட்டரிக்கு முழு சார்ஜ் ஏற்ற வேண்டும். சில மணி நேரம் சும்மா வைத்து மீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது.

அடுத்து, நெகடிவ் முனையின் ஒயரைக் கழற்றி ஒதுக்கி வைத்து, இரண்டு ராத்திரி விட வேண்டும். ஒயர் இல்லாமலே வோல்ட் நன்றாக இறங்கினால் பாட்டரிதான் நோயாளி. கழற்றி வைத்தால் நிற்கிறது, மாட்டினால் இறங்குகிறது என்றால், பாட்டரி நிரபராதி! வண்டிக்குள்தான் கசிவு.

இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். என்ஜின் ஓடும்போது பாட்டரி முனைகளில் ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தொட்டிக்குத் தண்ணீரே ஏறவில்லை. ஆல்ட்டர்னேட்டரையும் அதைச் சுற்றும் பெல்ட்டையும் கவனிக்க வேண்டும்.

பாட்டரி அருகே தீக்குச்சி, பீடி, சிகரெட் கூடாது. சார்ஜ் ஏறும்போது தீப்பற்றக்கூடிய வாயு வரும். உள்ளே இருப்பது அமிலம். பிள்ளைகள் கிட்டே வரக் கூடாது. கழற்றும்போது நெகடிவ் ஒயர் முதலில். மாட்டும்போது அது கடைசியில்.

பிடிப்பது எப்படி?

இனி வருவது வேலை தெரிந்தவர் செய்ய வேண்டியது. ஆனால் அவர் என்ன செய்கிறார் என்பது வண்டிக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சாவியை எடுத்துவிட வேண்டும். எல்லா விளக்குகளையும் அணைக்க வேண்டும். கதவுகள் மூடியிருக்க வேண்டும். நெகடிவ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் பாட்டரி முனைக்கும் நடுவில் மல்டிமீட்டரை வைக்க வேண்டும். மீட்டரின் கம்பி 10 ஆம்பியர் என்று எழுதிய துளையில் இருக்க வேண்டும். வண்டியிலிருந்து கசிகிற மின்சாரம் முழுவதும் இப்போது மீட்டர் வழியாகத்தான் போகும். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பக் கூடாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரத்தை மீட்டர் தாங்காது.

கம்ப்யூட்டர் உள்ள வண்டியானால் அரை மணி, ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். அது தூங்கிய பிறகு வரும் கணக்குத்தான் சரியான கணக்கு.

மீட்டர் 400 மில்லி ஆம்பியர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று... எண் மாறவில்லை. நாலாவது பியூஸைப் பிடுங்கியதும் சடாரென்று 20-க்கு இறங்குகிறது. திருடன் அந்தத் தெருவில்தான் இருக்கிறான்! அந்தப் பியூஸ் எந்தெந்தச் சாமானுக்குப் போகிறது என்று பார்த்து, ஒவ்வொன்றாகக் கழற்றினால் ஆள் அகப்பட்டுவிடுவான்.

எல்லாப் பியூஸ்களையும் எடுத்த பிறகும் எண் இறங்கவில்லையா? அப்போது ஆல்ட்டர்னேட்டர் மேல் சந்தேகம் கொள்ள வேண்டும். அதற்குள் டயோடு என்ற உறுப்புகள் உண்டு. மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒருவழிப் பாதை அவை. டயோடு கெட்டால், பாட்டரியின் மின்சாரம் பின்பக்கமாக ஒழுகிவிடும். டைனமோ உள்ள மிகப் பழைய வண்டிகளில் "கட்-அவுட்" ஒட்டிக்கொண்டால் இதே கதிதான்.

அடிக்கடி அகப்படும் திருடர்கள் சிலர் உண்டு. டிக்கி விளக்கு, டாஷ்போர்டு பெட்டி விளக்கு, வளைந்துபோன கதவு சுவிட்சு, ஒட்டிக்கொண்ட ரிலே, பிறகு மாட்டிய ரேடியோ, எலி கடித்த ஒயர். டிக்கியைத் திறந்தவுடன் பல்பின் அருகில் கையைக் கொண்டுபோனால் போதும். சூடு காட்டிக் கொடுத்துவிடும். செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினால், விளக்கு அணைகிறதா இல்லையா என்று அதுவே சாட்சி சொல்லும்.

கண்டுபிடித்ததற்குக் கூலி எங்கே?

இவ்வளவு எளிய வழி இருந்தும் ஏன் பாட்டரியை மாற்றச் சொல்கிறார்கள்? மெக்கானிக் மட்டும் குற்றவாளியா?

அவர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். ஒரு மெக்கானிக் 2 மணி நேரம் வெயிலில் குனிந்து தேடுகிறார். கடைசியில் வளைந்துபோன ஒரு சுவிட்சைக் கண்டுபிடித்து நிமிர்த்துகிறார். காசு கேட்கிறார். "என்னப்பா, ஒரு சாமானும் மாற்றவில்லையே! இதுக்கா இவ்வளவு?" என்று கேட்கிறார்கள். பாட்டரி மாற்றினால் 10 நிமிட வேலை. ஒருவரும் பேரம் பேசுவதில்லை. பொருள் கண்ணுக்குத் தெரிகிறது, பணமும் வந்துவிடுகிறது.

தேடுகிறவருக்குத் திட்டு; விற்கிறவருக்குப் பணம். அப்புறம் யார் தேடுவார்கள்?

வைத்தியர் நாடி பார்த்து, "உடம்புக்கு ஒன்றுமில்லை, மருந்து வேண்டாம்" என்று சொன்னாலும் அவருக்குக் காசு கொடுக்கிறார்கள். அவர் அறிவுக்கும் நேரத்துக்கும் கொடுக்கிற காசு அது. மெக்கானிக்கும் வண்டிக்கு வைத்தியர்தான். "கசிவைக் கண்டுபிடித்துக் கொடுங்கள் அண்ணே, தேடுகிற நேரத்துக்குக் கூலி தருகிறேன்" என்று வண்டிக்காரர் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். "மீட்டர் எவ்வளவு காட்டியது? சரிசெய்த பிறகு எவ்வளவு?" என்று இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல தொழிலாளி இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். சந்தோஷப்படுவார்.

"ராத்திரி ராத்திரி பாட்டரி ஒயரைக் கழற்றி வைத்தால் போகிறது!" என்று சிலர் சொல்வார்கள். அவசரத்துக்கு அது சரி. ஆனால் அது மருந்து ஆகாது. கசிவு தோல் உரிந்த ஒயரில் இருந்தால், வண்டி ஓடும்போது அங்கே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். பியூஸ் இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றுவதும் அதே ஆபத்துத்தான்.

பாட்டரிக்கும் வயது உண்டு என்பது உண்மை. பல வருஷம் உழைத்த பாட்டரி ஓய்ந்துபோனால் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் அளந்து பார்த்துவிட்டு மாற்ற வேண்டும். நல்ல பாட்டரியைத் தூக்கி எறிவதில் பணம் மட்டுமா போகிறது? உள்ளே இருக்கும் ஈயம் விஷம். கண்ட இடத்தில் உடைத்து உருக்கினால் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கேடு. பழைய பாட்டரிகளைத் தயாரிப்பாளர்கள் திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2022-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆகவே, பழையதைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். பாட்டரிக்கு வாய் இல்லை. அதற்காக வாதாட ஒரு மீட்டராவது வேண்டாமா?

கோவிலுக்குப் போய் வந்த அந்தக் காரில் கடைசியில் அகப்பட்டது என்ன? டிக்கி மூடியில் தேய்ந்துபோன ஒரு சின்ன ரப்பர்க் கட்டை! அது சுவிட்சை அழுத்தவில்லை, விளக்கு அணையவில்லை. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் கட்டை. அதைத் தேடாமல் விட்டதற்கு அந்த வீடு கொடுத்த விலைதான், பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு வைத்திருந்த பணம்.