யாருக்காக அந்தத் தொலைபேசி இலக்கம்?

மனோர் பார்க்கில் கடை திறக்கும் எம்மவர் பெயர் வைப்பதற்குச் சோதிடரை நாடுகிறார்கள். திறப்பு விழாவுக்கு நாளும் நேரமும் பார்க்கிறார்கள். பெயர்ப்பலகையின் நிறத்தைப் பற்றி வீட்டில் ஒரு வாரம் விவாதிக்கிறார்கள். தொலைபேசி இலக்கம் என்று வரும்போது மட்டும், இணைப்பு வழங்கும் நிறுவனம் தந்ததையோ, சட்டைப்பையில் ஏற்கெனவே இருக்கும் கைத்தொலைபேசியின் இலக்கத்தையோ எழுதிவிட்டு அடுத்த அலுவலைப் பார்க்கிறார்கள். இதனை அற்ப விடயம் என்று தள்ளிவிட எம்மால் முடியவில்லை.

எமது கடைகளுக்குத் தொலைபேசி எடுப்பவர்கள் யாவர் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். திரையைத் தொட்டு அழைக்கும் இளையவர்கள் இலக்கத்தைப் பார்ப்பதே இல்லை. அவர்களுக்கு எந்த இலக்கமும் ஒன்றுதான். அது தேவைப்படுவோர் வேறு. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் தனித்திருக்கும் ஆச்சி, சமையலறையில் தொங்கும் கடை நாட்காட்டியை உற்றுப் பார்த்தே இலக்கத்தை அழுத்துகிறார். தஞ்சம் கோரி வந்து சில வாரங்களே ஆன இளைஞன், எவரோ கடதாசித் துண்டில் எழுதிக் கொடுத்த ஒரு தமிழ்க் கடையின் இலக்கத்தை மடித்து வைத்திருக்கிறான். இந்நகரில் தமிழில் பதில் வரக்கூடிய ஒரே இலக்கம் அவனுக்கு அதுவாக இருக்கலாம். இழவு வீட்டில் மாலைக்கும் சாப்பாட்டுக்கும் ஒழுங்கு செய்பவர் அழுகுரல்களுக்கிடையே பக்கத்து வீட்டாரிடம் கேட்டு எழுதுகிறார். எம்மிடையே கடையின் இலக்கம் பெரும்பாலும் வாய்வழியாகவே பயணம் செய்கிறது. ஆகவே, கேட்ட மாத்திரத்தில் பிழையின்றி எழுதக்கூடியதே நல்ல இலக்கம்.

இவ்விடத்தில் எமது மொழியே சில பொறிகளை வைத்திருக்கிறது. இலக்கங்களை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்வது எம்மவரிற் பலரது வழக்கம். 81ஐ எண்பத்தொன்று என்றும் 89ஐ எண்பத்தொன்பது என்றும் இரைச்சல் மிகுந்த இணைப்பிற் சொல்லிப் பாருங்கள். ஈற்றசை காற்றோடு போய்விடும். 31, 39 என்பவற்றுக்கும் 61, 69 என்பவற்றுக்கும் இதே கதிதான். ஆங்கிலத்திற் சொன்னால் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் குழம்பும். பூச்சியத்தை ஆங்கிலேயர் ‘ஓ’ என்பர். யாழ்ப்பாணத்துப் பேச்சிலோ ‘ஓ’ என்றால் ‘ஆம்’ என்று பொருள். கடைப் பையன் ‘ஓ டூ ஓ’ என்று தொடங்க, ‘ஓ, சொல்லு தம்பி’ என்று ஆச்சி பேனையுடன் காத்திருப்பார். ‘டபிள் செவின்’ என்பதை 27 என்று எழுதியவர்களையும் நாம் அறிவோம்.

வாய்பாடு சொல்லிக் கொடுத்த காலத்திலேயே நாம் கண்ட உண்மை ஒன்றுண்டு. பிள்ளை மனத்தில் வைத்திருப்பது இலக்கத்தை அன்று, அதன் ஓசையை. 1212 என்ற ஈற்றைப் பாருங்கள். ஸ்கொட்லண்ட் யார்ட் பொலிஸ் தலைமையகத்தின் ‘வைட்ஹோல் 1212’ என்ற இலக்கம் லண்டன் முழுவதற்கும் மனப்பாடமாக இருந்தது. வைட்ஹோல் என்ற இணைப்பகப் பெயர் வழக்கொழிந்த பின்னரும் 1212ஐ அவர்கள் விடவில்லை. அமெரிக்காவிலே பொத்தான்களில் உள்ள ஆங்கில எழுத்துகளைக் கொண்டு இலக்கத்தைச் சொல்லாக்குகிறார்கள். பூ விற்கும் நிறுவனமொன்று 1-800-ஃபிளவர்ஸ் என்ற இலக்கத்தையே தன் பெயராக்கிக்கொண்டது. அந்த வித்தை எமக்கு உதவாது. எழுத்தைத் தேடித் தேடி அழுத்துமாறு ஆச்சியைக் கேட்க முடியுமா?

எண்சாத்திரக்காரர் வேறு இருக்கிறார்கள். எட்டு சனீஸ்வரனுக்குரியது, கூட்டுத்தொகை எட்டாக வரக்கூடாது என்று சொல்லி, ‘அதிர்ஷ்ட’ இலக்கத்துக்குப் பெருந்தொகை கொடுக்க வைக்கிறார்கள். மனோர் பார்க் உள்ளிட்ட வெளி லண்டன் இலக்கங்கள் பெரும்பாலும் 020 8 என்று தொடங்கி வந்துள்ளன. சனி பகவான் இப்பகுதியிலே குடியிருந்துகொண்டே எத்தனையோ எம்மவர் கடைகளை வாழவைத்திருக்கிறார். தெரிவு செய்வதற்குச் சில இலக்கங்களைத் தருமாறு இணைப்பு நிறுவனத்தைக் கேட்டால் பல நிறுவனங்கள் இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ தருகின்றன, கேட்பவர்தாம் குறைவு.

எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். 1990 மே மாதம்வரை லண்டன் முழுவதற்கும் 01 என்ற ஒரே குறியீடுதான். அது 071, 081 எனப் பிரிந்தது; 1995 ஏப்ரலில் 0171, 0181 ஆயிற்று; 2000 ஏப்ரலில் 020 வந்தது. பத்தாண்டுகளில் மூன்று தடவை எம்மவர் பெயர்ப்பலகைகளை மாற்றி எழுதினர். ஆயினும் இன்றும் பலர் 0208 என்று சேர்த்தே எழுதுகின்றனர். குறியீடு 020 மட்டுமே. அதைப் பிரித்து எழுதினால் எஞ்சிய எட்டு இலக்கங்களும் நான்கு, நான்காக நின்று நாவில் எளிதாகப் படியும். பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு வல்வெட்டித்துறையிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ கேக் ஒழுங்கு செய்பவருக்காக, முதற் பூச்சியத்தை நீக்கி +44 20 என்று தொடங்கும் வடிவத்தையும் அட்டையின் ஓரத்தில் அச்சிடுவது நன்று.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனம் போலத் தோன்றும் ஆசையால் சில சிறு வர்த்தகர்கள் 084, 087 என்று தொடங்கும் இலக்கங்களை எடுத்தனர். 2015 ஜூலை முதல் அவற்றுக்கான கட்டணம் இரு கூறானது. தொலைபேசி நிறுவனம் அறவிடுவது ஒன்று. இலக்கத்துக்குரிய சேவைக் கட்டணம் மற்றொன்று. 084க்கு நிமிடத்துக்கு 7 பென்ஸ் வரையும் 087க்கு 13 பென்ஸ் வரையும் சேவைக் கட்டணம் போகலாம். முற்பணம் செலுத்திய அட்டையில் இரண்டு பவுண் மட்டும் வைத்திருக்கும் அகதிப் பையன் அரிசி விலை கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிடும். 070 என்ற இலக்கமோ கைத்தொலைபேசி போலத் தோற்றமளிப்பது; உண்மையில் அது வேறு வகை. 020க்கோ 03க்கோ அழைப்பவர் வழக்கமான கட்டணத்தையே செலுத்துகிறார். 0800 என்பது 2015 ஜூலை முதல் கைத்தொலைபேசியிலிருந்தும் இலவசம்; அச்செலவு கடைக்காரருடையது.

கைத்தொலைபேசி இலக்கத்தைப் பலகையில் எழுதுவதில் உள்ள ஆபத்து பணம் பற்றியதன்று. இரு நண்பர்கள் சேர்ந்து கடை போடுகிறார்கள். ஒருவருடைய சொந்த இலக்கம் நாட்காட்டியிலும் பைகளிலும் அச்சாகிறது. மனக்கசப்பு வந்து அவர் பிரிந்து எதிர்ப்பக்கத்தில் கடை திறந்தால், இலக்கத்தோடு வாடிக்கையாளரும் வீதியைக் கடந்துவிடுவர். இவ்வாறு நடந்ததை நாம் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்துவிட்டோம். இலக்கம் முதல் நாளிலிருந்தே வியாபாரத்தின் பெயரில் பதிவாக வேண்டும். ‘வட்ஸ்அப் வேண்டுமே’ என்பார்கள். வியாபாரத்துக்கான வட்ஸ்அப்பை 020 இலக்கத்திலேயே, குரல் அழைப்பு மூலம் உறுதிப்படுத்தித் திறக்கலாம். கடையைப் பூட்டியபின் அதே 020 இலக்கத்தைக் கைத்தொலைபேசியில் ஒலிக்கச் செய்யவும் வழியுண்டு.

பழைய செப்புக் கம்பி இணைப்புகள் 2027 ஜனவரி இறுதியோடு நிறுத்தப்பட்டு, தொலைபேசிகள் இணையவழிக்கு மாற்றப்படவேண்டும் என்பது இந்நாட்டின் திட்டம். இலக்கத்தைக் கூடவே கொண்டுபோகும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. ஆனால் புதிய நிறுவனம் இலக்கத்தைப் பொறுப்பேற்கும் முன்னரே பழைய இணைப்பை அவசரப்பட்டு நிறுத்தினால், இருபது ஆண்டுகளாக ஊர் முழுவதும் அறிந்த இலக்கம் கைநழுவக்கூடும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து உறவினரின் முகவரிகளையெல்லாம் தொலைத்த எமக்கு, மாறாத ஓர் இலக்கத்தின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

பலகைக்குப் பணம் கட்டுவதற்கு முன்னர் ஒரு சிறு பரீட்சை வைத்துப் பாருங்கள். தெரிவு செய்த இலக்கத்தைத் தாயாரிடமோ மாமியாரிடமோ தொலைபேசியில் ஒரேயொரு தடவை சொல்லுங்கள், எழுத விடவேண்டாம். மறுநாட் காலை அதைத் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். சொல்ல முடியாவிட்டால் அடுத்த இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.